எழுபத்தெட்டு கோழி, முப்பத்தோரு கையெழுத்து

பரசுராமன்: ...பத்து மணிக்கு முனிசிபாலிட்டிக்காரங்க வந்து தூக்கிகினு போவப் போறாங்க. அதுக்கு இப்ப இன்னாத்துக்கு வயிறு முட்டத் தீவனம் போடற?

உண்ணாமலை: பத்து மணி வரைக்கும் பசி தாங்குமா? அந்தத் தட்ட இப்டி தள்ளுங்க.

பரசுராமன்: எண்பது கோழி, உண்ணாமல. எண்பதயும் குழி வெட்டி, மேல பவுடரத் தூவி...

உண்ணாமலை: எழுபத்தெட்டு. ரெண்டு போன வாரமே கொறைஞ்சிடுச்சி. எண்ணறதா இருந்தா சரியா எண்ணுங்க.

பரசுராமன்: பேச்சுக்குச் சொன்னேன்.

உண்ணாமலை: பேச்சுக்குச் சொல்றவங்களாலதான் இம்மாம் பேஜாரு. வடக்க எங்கியோ மகாராஷ்டிரால கோழிக்குக் காய்ச்சல்ன்னு டீவில சொன்னான். அன்னிலேர்ந்து ஆரணில தும்மறவன் எல்லாம் எங்கொட்டாயத் திரும்பிப் பாத்துட்டுத் தும்மறான்.

பரசுராமன்: பறவக் காய்ச்சல் மனுசனுக்கும் ஒட்டுமாம். தெருவே பயந்துகினு கீது.

உண்ணாமலை: தெரு பயந்துச்சா, உங்க மொதலாளி பயமுறுத்தினாரா?

பரசுராமன்: சடையப்பன் மொதலாளி இன்னா பண்ணாரு? அவரு பாட்டுக்கு...

உண்ணாமலை: அவரு பாட்டுக்குக் கோழிய எடுக்கணும்னு மனு எழுதி, அவரு பாட்டுக்கு வூடு வூடா ஏறி எறங்கி, அவரு பாட்டுக்கு முனிசிபாலிட்டில போயி குடுத்தாரு. முப்பத்தோரு கையெழுத்தாம்.

பரசுராமன்: முப்பத்தொண்ணுன்னு... உனக்கு யாரு சொன்னது?

உண்ணாமலை: ஏன், ஒண்ணு கூடுதா, கொறையுதா?

பரசுராமன்: இல்ல... கேட்டேன்.

உண்ணாமலை: எதிர்வூட்டு ரங்கம்மா சொன்னா. அவளும் போட்டாளாம். எங்கிட்டயே வந்து சொல்றா, தப்பா எடுத்துக்காத உண்ணாமல, மொதலாளி பேனாவும் கையுமா வாசல்ல நின்னுகினு இருந்தாரு, எம்புருசனும் அவரு குடுக்கற பாவு நூலதான நெய்யறாரு, இன்னா பண்ணச் சொல்றன்னு.

பரசுராமன்: நீ இன்னா சொன்ன?

உண்ணாமலை: மூஞ்சிக்கு நேரா வந்து சொன்னியே, அது போதும்டின்னு சொன்னேன். நாலு முட்ட குடுத்து அனுப்பினேன்.

பரசுராமன்: பிராய்லர் கோழிக்கு ஏது முட்ட?

உண்ணாமலை: கடைல வாங்கி வெச்சிருந்த முட்ட. ஏன் அப்டி பாக்கறீங்க? மறைச்சு வெச்சாதான் எனக்கு ஆத்திரம் வரும். சொல்லிட்டவங்க மேல எனக்கு இன்னா கோவம்?

பரசுராமன்: உண்ணாமல... நான் ஒண்ணு...

உண்ணாமலை: மொதல்ல அந்த உமியக் கிளறி விடுங்க. தண்ணி டப்பா ஓரம் பாருங்க, கட்டி கட்டியா நனைஞ்சி கெடக்குது. அத்த வாரி வெளில போடுங்க. ஈரம் நின்னாதான் நாத்தம் வரும். நாத்தம் வந்தா உங்க மொதலாளிக்குத் தூக்கம் வராது.

பரசுராமன்: அவரு சொல்றதுலயும் ஒரு நாயம் கீதில்ல? பட்டு நெய்யற தெரு. பொடவ காஞ்சிபுரம் போவுது, பெங்களூர் போவுது. கல்யாணப் பொடவைல கோழி நாத்தம் அடிச்சா...

உண்ணாமலை: மோந்து பாருங்க.

பரசுராமன்: இன்னாது?

உண்ணாமலை: இங்கயே நின்னு மோந்து பாருங்க. நடுக்கொட்டாய்ல நிக்கிறீங்க, சுத்தி எழுபத்தெட்டு கோழி. இன்னா நாத்தம் வருது?

பரசுராமன்: ...சுண்ணாம்பு வாசன.

உண்ணாமலை: வாராவாரம் ரைஸ்மில்லுக்குப் போயி புது உமி மூட்ட கொண்டாந்து போடறேன். தெனம் ரெண்டு தபா கிளறி சுண்ணாம்பு தூவறேன். அவரு சாயப்பட்டறைல நூலு வேகுதே, அந்த நாத்தம் கமண்டல நாகநதி வரைக்கும் போவுது. அதுக்கு எவனாவது மனு குடுத்தானா?

பரசுராமன்: அது தொழிலு.

உண்ணாமலை: இது இன்னா, வெளையாட்டா?

பரசுராமன்: அதுக்கில்ல... உயிரக் கொல்ற சமாசாரம், பட்டுக்காரங்க தெருவுல வேணாம்ன்றாரு. பாவமாம்.

உண்ணாமலை: பூச்சியக் கூட்டோட கொதிக்கிற தண்ணில போட்டுத்தான நூல எடுக்கறான். அந்த நூல தறி நாடால கோத்து இழுத்துகினு என் கோழிக்குப் பாவ புண்ணியம் பாக்கறாரா? மாட்டுப் பொங்கலுக்கு ரெண்டு கோழி, பெருசா பாத்துக் குடுன்னு பின்பக்கமா ஆள அனுப்பினாரே, அப்ப எங்க போச்சி பாவம்?

பரசுராமன்: மெதுவா பேசு.

உண்ணாமலை: ஏன் மெதுவா பேசணும்? என் வூட்டுத் தோட்டத்துல நிக்கிறேன். பழைய சாக்கு மூணு நனைச்சி வெச்சிருக்கேன், எடுத்து மேல்பக்கத் தட்டில கட்டுங்க. வெயில் ஏறறதுக்குள்ள கட்டணும்.

பரசுராமன்: பத்து மணிக்கு மேல இங்க யாருக்கு நெழலு வேணும்?

உண்ணாமலை: கட்டுங்கன்னா கட்டுங்களேன். வெலைக்கு ஆவற கோழி, ரெண்டு கிலோ தாண்டிடுச்சி. இந்த எடைல வெயில் ஒறைச்சா வாயத் தொறந்துகினு மூச்சு வாங்கும். அப்டியே மல்லாந்துடும். அதனாலதான் ஒம்பது மணிக்கு மேல தீவனத் தட்ட எடுத்துடறேன். துன்னதும் வெயிலும் ஒண்ணு சேந்தா ஒடம்பு தாங்காது. மறுபடியும் சாயங்காலம்தான்.

பரசுராமன்: டாக்டருக்குப் படிச்சவ மாதிரி பேசற.

உண்ணாமலை: செத்துச் செத்து சொல்லிக் குடுத்துச்சிங்க. மொத மொதல்ல எறக்கின இருவத்தஞ்சு குஞ்சு ஞாபகம் கீதா? நாலாம் நாளு மழ, கரண்ட் போயிடுச்சி. பல்பு அணைஞ்சதும் எல்லாம் ஒரு மூலைல போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கிடுச்சி. பத்தொம்போது.

பரசுராமன்: கூடைல வாரும்போது நீ அழுத.

உண்ணாமலை: நீங்க சிரிச்சீங்க. உன் பண்ண நாலு நாள்ல திவாலான்னு கேட்டீங்க.

பரசுராமன்: ...தமாசுக்கு.

உண்ணாமலை: அன்னிக்குதான் முடிவு பண்ணேன், வுடக்கூடாதுன்னு. கண்ணமங்கலத்துல குஞ்சு விக்கிறவரு கிட்ட போயி உக்காந்தேன். இன்னா செய்யணும், சொல்லுங்கன்னு. அவரு சொன்னாரு, தெர்மாமீட்டரு எல்லாம் வேணாம்மா, குஞ்சயே பாரு. பல்புக்குக் கீழ ஒட்டிகினு கத்துதா, குளிரு. சுவத்தோரம் ஓடிப் போயி வாயப் பொளக்குதா, சூடு. பரவலா உக்காந்து கொத்திகினு இருந்தா சரியா கீதுன்னு அர்த்தம். கரண்ட் போனா பானைல கரி நெருப்பு. மொத நாளு வெல்லத் தண்ணி. ஏழாம் நாளு கண்ணுல சொட்டு மருந்து. அவ்ளோதான். அதுக்கு அப்பறம் எட்டு தபா எறக்கிட்டேன், ஒரு தபா கூடக் கூடைல வாரல.

பரசுராமன்: அதெல்லாம் நான் இல்லன்னு சொல்லலியே. நீ நல்லாதான் வளக்கற. ஆனா...

உண்ணாமலை: ஆனா?

பரசுராமன்: இந்த ஒரு தபா வுட்டுக் குடுத்துடு. காய்ச்சல் பயம் அடங்கட்டும். ஆறு மாசம் கழிச்சி மறுபடியும் குஞ்சு எறக்கிக்கலாம்.

உண்ணாமலை: இன்னிக்கு வுட்டுட்டா ஆறு மாசம் கழிச்சி எறக்க வுடுவாங்களா? போன தபாவே எடுத்தோமே, இன்னும் புத்தி வரலியான்னு கேப்பாங்க.

பரசுராமன்: எப்டியும் வாங்கறதுக்கு ஆளு இல்லியே. பஸ் ஸ்டாண்டு தணிகாசலம் கடையப் பாத்தியா? கத்தி துரு புடிச்சிகினு கீது. ஓசில குடுத்தாக்கூட எவனும் கோழிக்கறி தொட மாட்டேன்றான்.

உண்ணாமலை: தொட்டாங்க.

பரசுராமன்: யாரு?

உண்ணாமலை: ரைஸ்மில்லுல மூட்ட தூக்கறவங்க. சனிக்கெழம நீங்க தறில இருந்தீங்க. நான் ரெண்டு கோழி அடிச்சி, கொழம்பு வெச்சி, குண்டான்ல எடுத்துக்கினு போனேன்.

பரசுராமன்: எங்கிட்ட சொல்லவே இல்ல.

உண்ணாமலை: நீங்க எல்லாத்தயும் எங்கிட்ட சொல்றீங்களா இன்னா?

பரசுராமன்: சரி, அப்பறம் இன்னா ஆச்சி?

உண்ணாமலை: அங்க போயி எறக்கி வெச்சா, ஒருத்தரும் கிட்ட வரல. பாம்பு வெச்ச மாதிரி தள்ளி நின்னாங்க. சரின்னு நடுவுல உக்காந்து நானே சோறு போட்டு, கொழம்பு ஊத்திக்கினு துன்னேன். தொடை ரெண்டயும் துன்னேன். சுத்தி நின்னு பாத்துகினு இருக்காங்க, நான் எப்ப சாவப் போறன்னு.

பரசுராமன்: அட கெரகமே...

உண்ணாமலை: கை கழுவிட்டு அங்கயே சாஞ்சி உக்காந்தேன். அர மணி, ஒரு மணி நேரம் ஆச்சி. நான் வெத்தல போட்டுகினு ஊர்க்கத பேசிகினு இருக்கேன். அப்பதான் கன்னியம்மா தட்ட நீட்டினா. எக்கா, வாசன தாங்கலக்கா, சாவறதுன்னா துன்னுட்டே சாவறேன்னா. அப்பறம் குண்டான் கழுவி வெச்ச மாதிரி ஆயிடுச்சி. ஞாயித்துக்கெழமைக்கு இருவது கோழி கேட்டிருக்காங்க.

பரசுராமன்: இருவதா?

உண்ணாமலை: அடுத்த வாரம் எதிர்மில்லுக்குப் போறேன். இன்னொரு குண்டான் கொழம்பு, இன்னொரு தபா துன்னு காட்டினா போச்சி.

பரசுராமன்: நீ துன்னு துன்னே எல்லாத்தயும் வித்துடுவ போலகீதே.

உண்ணாமலை: சிரிங்க. இப்டி சிரிச்சி பத்து நாள் ஆச்சி நீங்க.

பரசுராமன்: பத்து நாள்ன்னு எப்டி... சரியா சொல்ற?

உண்ணாமலை: பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? பத்து நாளா ஒழுங்கா துன்றது இல்ல. பொரண்டு பொரண்டு படுக்கறீங்க. முந்தாநேத்து தறில நாடா கைய வுட்டு நழுவி ரெண்டு தபா கீழ வுழுந்துச்சி. சத்தம் எனக்குக் கேட்டுச்சி.

பரசுராமன்: பாவு நூலப் பத்திதான்... வேற இன்னா. மாம்பழக் கலரு, பச்ச பார்டரு, அரப் பொடவ வந்துடுச்சி. கோழிய எடுக்கலன்னா பாவ அறுத்துக்கினு போயிடுவேன்றாரு. வேற யாரும் எனக்குப் பாவு குடுக்காத மாதிரி பண்ணிடுவாராம். எனக்கு வேற இன்னா தெரியும், சொல்லு? பன்னண்டு வயசுல தறிக்குழில கால வெச்சவன்.

உண்ணாமலை: நானும் அந்தத் தறிக்குப் பக்கத்துலதான் உக்காந்தேன். இருவத்திரெண்டு வருசம் உங்களுக்கு ஊட நூலத் தார்க்குச்சில சுத்திக் குடுத்தேன். ஜரிக அறுந்தா முடிச்சி போட்டேன். பொடவைய மடிச்சி மொதலாளி வூட்டுக்கு எடுத்துக்கினு போனா, பரசு நெய்ஞ்சதுன்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்குப் பேரு வர்றதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இது உண்ணாமல சுத்தின ஊடன்னு எவனாவது சொன்னானா?

பரசுராமன்: யாரும் சொல்ல மாட்டாங்க. வழக்கம் இல்ல.

உண்ணாமலை: இந்தக் கோழிக்கு எல்லாரும் சொல்றாங்க. உண்ணாமல கோழின்னா கறி மெத்துனு இருக்கும், தண்ணி ஏத்தாத கோழின்னு தணிகாசலமே சொல்லி விப்பாரு. எனக்குன்னு ஊர்ல இருக்கற ஒரே பேரு அதுதான். அத்த குழி தோண்டிப் பொதைக்கணுமாம், நானே வாரிக் குடுக்கணுமாம். இன்னா ஆனாலும் குடுக்க மாட்டேன். வண்டி வந்தா வண்டிக்கு முன்னாடி உக்காருவேன்.

பரசுராமன்: போலீசு கூட்டிகினு வந்தா?

உண்ணாமலை: போலீசுக்காரரு சாப்பிட மாட்டாரா? அவருக்கும் ஒரு தட்டு கொழம்பு.

பரசுராமன்: எல்லாத்தயும் தமாசா பேசற.

உண்ணாமலை: தமாசு இல்ல. நேத்து நீங்க வந்தவாசி காரியத்துக்குப் போயிருந்தீங்க இல்ல... அப்ப வந்தாங்க.

பரசுராமன்: யாரு?

உண்ணாமலை: சானிட்டரி இன்ஸ்பெக்டரு. ஹேமநாத்னு பேரு. கூட மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா.

பரசுராமன்: நேத்தே வந்துட்டாங்களா? ராத்திரி நான் வந்தப்ப ஏன் சொல்லல?

உண்ணாமலை: அலஞ்சிட்டு வந்தீங்க. துன்னுட்டுப் படுங்கன்னு வுட்டுட்டேன்.

பரசுராமன்: இன்னா சொன்னாங்க?

உண்ணாமலை: டாக்டரம்மா செருப்பு கயட்டிட்டு உள்ள வந்தாங்க. ஒவ்வொண்ணா புடிச்சிக் கொண்டையப் பாத்தாங்க, மூக்கப் பாத்தாங்க, காலத் தூக்கிப் பாத்தாங்க, எச்சத்தக் குச்சில கிளறிப் பாத்தாங்க. இன்னா தீவனம், எத்தினி நாளு, என்னிக்கு மருந்து போட்டன்னு கேட்டாங்க. காலண்டர்ல குறிச்சி வெச்சிருந்தத எடுத்துக் காட்டினேன். ஒரு நோயும் இல்லன்னு அங்கயே கடுதாசில எழுதி இன்ஸ்பெக்டரு கைல குடுத்துட்டாங்க.

பரசுராமன்: நோய் இல்லன்னு எழுதிட்டாங்களா? அப்பறம் எதுக்கு இன்னிக்கு வர்றாங்க? மொதலாளி பத்து மணிக்கு வண்டியோட வர்றாங்கன்னாரே.

உண்ணாமலை: வரட்டும்.

பரசுராமன்: நோய் இல்லன்னா எப்டி தூக்க முடியும்?

உண்ணாமலை: இன்ஸ்பெக்டரு உங்கள பாக்கணும்னாரு.

பரசுராமன்: என்னயா?

உண்ணாமலை: வூடு உங்க பேர்ல இருக்குதே.

பரசுராமன்: அவரு... வேற எதுனா கேட்டாரா? எதுனா காட்டினாரா?

உண்ணாமலை: இன்னா காட்டுவாரு?

பரசுராமன்: இல்ல... பேப்பரு கீப்பரு...

உண்ணாமலை: வேத்து ஊத்துதே உங்களுக்கு. துண்டால தொடைங்க.

பரசுராமன்: உண்ணாமல, இங்க பாரு. அவரு வர்றதுக்குள்ள நான் உங்கிட்ட ஒரு விசயம்...

உண்ணாமலை: இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க.

பரசுராமன்: சொல்ல வுடு. பத்து நாளா நெஞ்சில...

உண்ணாமலை: இப்ப சொன்னீங்கன்னா நான் அழுவேன். அழுத கண்ணோட அந்த ஆளு முன்னாடி போயி நிக்க மாட்டேன். தோ, வண்டிச் சத்தம். லுங்கிய மாத்திகினு வேட்டி கட்டிக்கினு வாங்க.

*

ஹேமநாத்: வணக்கம்மா. வூட்டுக்காரரு இருக்காரா?

உண்ணாமலை: வாங்க சார். தோ வராரு. உக்காருங்க. மோரு தரட்டா?

சடையப்பன்: மோரெல்லாம் அப்பறம். இன்னாப்பா பரசு, ஜல்தி வா. சார் எவ்ளோ நேரம் நிக்கிறது? சார், இவன்தான் பரசுராமன். நம்ம தறிக்காரன். தங்கமான பையன்.

உண்ணாமலை: நாப்பத்தெட்டு வயசு ஆவுது பையனுக்கு.

சடையப்பன்: பாத்தீங்களா சார், வாய? இதுதான் பிரச்சனயே.

ஹேமநாத்: நீங்க ரவ இருங்க. பரசுராமன், நேராவே பேசிடறேன். கோழிக்கு நோய் இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. நானும் சுத்திப் பாத்தேன், சுத்தமாதான் வெச்சிருக்கீங்க. அக்கம்பக்கத்துல ஆட்சேபண இருக்குன்றதுக்காக மட்டும் நான் இந்தக் கோழிங்கள எடுக்க முடியாது.

பரசுராமன்: சரிங்க சார்.

ஹேமநாத்: ஆனா ஒண்ணு. கோழி இருக்கற எடத்துக்குச் சொந்தக்காரரே, எனக்கு இது வேணாம், எடுத்துக்கினு போயிடுங்கன்னு எழுதிக் குடுத்தா, எடுத்துக்கினு போவலாம். தெருவுல வண்டி நிக்குது. இந்த மனுவப் பாருங்க. மொத்தம் முப்பத்தோரு கையெழுத்து. மொதக் கையெழுத்து, உங்க பேரு. வீட்டின் உரிமையாளர்னு பக்கத்துலயே எழுதியிருக்கு.

சடையப்பன்: போடச் சொன்னேன், போட்டான். அவனுக்கே புடிக்கல சார் இது. இந்தம்மா கிட்ட சொல்ல முடியாம தவிச்சிகினு இருந்தான். பாவம்.

ஹேமநாத்: ஆனா நேத்து நான் இத்த உங்க வூட்டம்மா கிட்ட காட்டினேன். பாத்த ஒடனே, இது எங்க வூட்டுக்காரரு கையெழுத்து இல்லன்னுட்டாங்க. நல்லா பாத்துச் சொல்லுங்கம்மான்னேன். எத்தினி தபா பாத்தாலும் இல்ல, அவரு பேர்ல வேற யாரோ போட்டிருக்காங்கன்னு சாதிச்சாங்க.

பரசுராமன்: உண்ணாமல... நேத்தே உனக்கு...

உண்ணாமலை: நேத்து சொன்னதுதான் சார் இன்னிக்கும். இது அவரு போட்டது இல்ல. அவரு அப்டி போடற ஆளு இல்ல.

சடையப்பன்: ஏம்மா, எங்கண்ணு முன்னாடி, அவன் தறில உக்காந்துகினு, என் பேனால போட்டான். நான் பொய் சொல்றனா?

உண்ணாமலை: நான் உங்கள ஒண்ணும் சொல்லல. இது அவரு கையெழுத்து இல்லன்னு சொல்றேன்.

சடையப்பன்: பரசு, வாயத் தொறந்து சொல்லு. ஒரே ஒரு ஆமா. அந்த மாம்பழக் கலர் பாவு முடிஞ்சதும் அடுத்த பாவு நாளைக்கே ஏத்தறேன். கல்யாண ஆர்டரு, ஜரிக வேல. உனக்குத்தான்னு எடுத்து வெச்சிருக்கேன். இல்லன்னு சொன்னியோ... இந்த ஊர்ல உனக்கு நூலு குடுக்க ஒருத்தன் கெடைக்க மாட்டான். தெரியுமில்ல?

ஹேமநாத்: அவர மெரட்டாதீங்க. பரசுராமன், எனக்குத் தேவ ஒரே ஒரு பதிலு. ஆமான்னா கோழிய ஏத்தறேன். இல்லன்னா வண்டிய அனுப்பிட்டு நானும் கெளம்பறேன். இது உங்க கையெழுத்தா?

உண்ணாமலை: இல்ல சார்.

ஹேமநாத்: அம்மா, நான் அவர கேக்கறேன்.

பரசுராமன்: என்னுதுதான் சார்.

சடையப்பன்: அப்டி சொல்லு.

பரசுராமன்: இருங்க மொதலாளி, நான் இன்னும் முடிக்கல. போட்டது நான்தான் சார், முழுசா படிச்சிப் பாத்துட்டுதான் போட்டேன். பாவு போயிடுமேன்னு பயம். வூட்ல சொல்ற தைரியம் இல்ல, பத்து நாளா இவ மூஞ்சியப் பாத்து சோறு துன்ன முடியல. இருவத்திரெண்டு வருசமா எங்கூட உக்காந்து என் பேருக்குத் தார் சுத்தினவ சார் இவ, என் கையெழுத்து இவளுக்கா தெரியாது? பாத்த ஒடனே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிதான், ஊருக்கு முன்னாடி நான் தலை குனியக் கூடாதுன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு, ராத்திரி எனக்கு சுடுசோறு போட்டா. அந்தப் பொய்ய இன்னிக்கும் அவளே சுமக்க வேணாம். மொதலாளி, உங்க பாவு உள்ள தறில நிக்குது, ஒரு இழை கூட சேதம் இல்ல, ஆள அனுப்பி அறுத்துக்கினு போங்க. சார், உங்க பேனாவ ரவ குடுங்க. நான் போட்ட பேர நானே அடிச்சிட்டு, கோழி இங்கயேதான் இருக்கும்னு அதுக்குக் கீழ இன்னொரு தபா கையெழுத்து போட்டுத் தரேன்.